கை தூக்கியவர்கள்

காலையில் கட்டிக்கொண்டு போன சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே மருமகள் வீடு திரும்பியதும், மாமனாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“இன்னைக்குமா அனுப்பிட்டாங்க?”

“ஆர்டர் இல்லையாம் மாமா. பாதி தையல் மிஷின் சும்மாதான் கிடக்குது.”

“அது முதலாளியோட தலைவலி! வேலைக்கு வந்தவங்களத் திருப்பி அனுப்பினா சம்பளம் கொடுத்தாகணும். கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டேன். நாங்களா போறதா கணக்காம்.”

“எந்தப் படுபாவி சொன்னான்?” என்று விரலை ஆட்டினார்.

“சூப்பர்வைசர்தான். எல்லாரையும் நிக்க வச்சு, ‘வீட்டுக்குப் போக இஷ்டம் இருக்கிறவங்க கை தூக்குங்க’ன்னார். அவர் பார்க்கிற பார்வையில கை தானா எழும்பிடுது. தூக்கிட்டா அது லீவாம். சம்பளம் கிடையாதாம்.”

ஆட்டிய விரல் அப்படியே நின்றது.

“கை... தூக்கச் சொன்னானா?”

மருமகள் டப்பாவை மேசைமேல் வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“அந்த சூப்பர்வைசர் நாற்காலியில நீங்க இருந்தப்ப உங்ககிட்ட கத்துக்கிட்டதுன்னு அவரே சொன்னார் மாமா.”

பெரியவர் உட்கார்ந்தார்.

“நாளைக்குக் கை தூக்காம நின்னா என்ன ஆகும் மாமா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

தெரியும். அன்று கை தூக்காமல் நின்ற ஒரே ஒருத்தியை, பிறகு ஆர்டர் வந்து குவிந்தபோதும் அவர் வேலைக்குக் கூப்பிடவே இல்லை.