வலது அம்புக்குறி

"ரைட் வேலை செய்யல."

இவருடைய மூத்த தாரத்து மகள் சமையலறை வாசலில் நின்று மொட்டையாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

எப்போதும் அப்படித்தான். நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா என்று சொல்ல வேண்டாம். அது இறந்துபோனவளுக்கு உரியது. சித்தி என்றாவது சொல்லலாமே, முத்தா உதிர்ந்துவிடும்?

ரைட் என்றால் டான்ஸ் பேடின் வலது அம்பு. டிவியில் அம்புகள் மேலேறி வரும், பாட்டுக்குத் தகுந்தபடி காலுக்கடியில் இருக்கும் அதே அம்பை மிதிக்க வேண்டும். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த தகரப் பேட் இது. இதைக் கூட்டிப் பெருக்கித் துடைத்து உயிரோடு வைத்திருப்பது நான்தான்.

அது கெட்டுப்போனால் மட்டும்தான் அவள் என்னிடம் வருவாள். பிறந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி என்று எதையும் பிரித்துப் போட்டுப் பார்த்த கை என்னுடையது. நான் திருகுகளைக் கழற்றுவேன், அவள் டார்ச் பிடிப்பாள். கை வேலையாக இருந்தால் வாய் தானாகத் திறக்குமோ என்னவோ, அந்த நேரத்தில் ஏதாவது பேசுவாள். கணக்கு டீச்சர், பல்வலி, சண்டை போட்ட தோழி. பேடை மூடியதும் அவளும் வாயை மூடிக்கொள்வாள்.

அவள் சொன்னது, அந்த நேரம் பார்த்து என்னோடு போன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்த இவர் காதிலும் விழுந்து தொலைத்தது.

"மறுபடியுமா? வர்ற வழியில புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்துடுறேன். நல்ல கம்பெனி, கெட்டே போகாதாம். அந்தத் தகரத்தப் பழைய இரும்புக்குப் போட்டுடு."

நான் பார்க்கிறேன், அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சாத குறை. கடை வாசலில் நின்று கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கெட்டே போகாத பேட். அப்புறம் அவள் எதற்காக என்னிடம் வருவாள்?

அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினேன். வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். வலது அம்பை மிதித்தேன். திரையில் அசைவே இல்லை. இடதை மிதித்தேன், அது சமர்த்தாகத் துள்ளியது. வயர் வந்து சேரும் சின்னப் பெட்டியைத் தட்டினேன், ஊதினேன், ஆட்டினேன். இல்லை.

போனைத் தரையில் கண்ணுக்கெதிரே வைத்துக்கொண்டு மண்டியிட்டேன். இவர் அலுவலகத்திலிருந்து கிளம்பியிருப்பாரா? பேருந்து உடனே கிடைத்திருக்குமா? இன்றைக்கென்று கிடைத்திருக்கும்.

அவள் டார்ச்சோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்று எதுவும் பேசவில்லை. எனக்கும் பேச்சுக் கொடுக்க மனம் ஓடவில்லை. இந்த வாரம் நான் இதைத் தொடவே இல்லை, நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது?

ஒரு மூலைத் திருகு கோணலாக ஏறியிருந்தது. நான் அப்படி முடுக்குகிறவள் இல்லை. எனக்குத் தெரியாமல் இவர்தான் கையை வைத்திருக்கிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. ஸ்க்ரூடிரைவர் வழுக்கி விரலில் குத்தியது. வெளிச்சத்தை ஆட்டாதே என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். விழுந்ததும் அய்யோ என்றிருந்தது.

வலது அம்புப் பலகையைத் தூக்கினேன்.

இதன் சூட்சுமம் ஒன்றும் பெரிதில்லை. பலகையின் அடியில் ஒரு தகடு, கீழே ஒரு தகடு. மிதித்தால் இரண்டும் தொட வேண்டும். நடுவில் சின்னதாக எது கிடந்தாலும் அம்பு செத்துவிடும்.

கிடந்தது.

கட்டம் போட்ட காகிதம், கணக்கு நோட்டில் கிழித்தது. ஒழுங்காக மடித்து, தகட்டின் நட்டநடுவில் வைத்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நான் வைப்பது காகிதம் இல்லை, செலோடேப்.

அவள் பள்ளிக்குப் போனதும் ஏதாவது ஓர் அம்பைத் திறந்து, தகட்டின் நடுவில் ஒரு துண்டு ஒட்டி மூடிவிடுவேன். பழுது பார்க்கும்போது உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு உரித்து எடுத்துவிடுவேன். அடிக்கடி கெடுகிறதே என்று இவர் முணுமுணுக்க ஆரம்பித்ததால், இந்த வாரம் பயந்துபோய் ஒட்டவில்லை.

காகிதம் இருந்தது நான் ஒட்டுகிற அதே இடத்தில். மறைத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை தடவையும், டார்ச் அவள் கையில்தான் இருந்தது.

நிமிர்ந்து அவளைப் பார்க்கத் துணிவில்லை. மாட்டிக்கொண்டது அவளா, நானா?

போன் அடித்தது. நான் கையை நீட்டுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"வாங்க வேணாம்ப்பா. சித்தி சரி பண்ணிட்டாங்க."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. போனில்தான் சொன்னாள். எனக்கு அதுவே போதுமென்றிருந்தது.

போனை வைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மாட்டுவதற்காகக் கையில் எடுத்த திருகை நான் கீழே வைத்தேன்.