நான்காவது குழாயில் ஒரு சொட்டு

ஹவானாவின் உச்சி வெயிலில் தாத்தா காலத்து வாடகைக் கார் ஒன்று நின்ற இடத்திலேயே இருமி இருமிக் குலுங்குகிறது. ஆறு சிலிண்டரில் எதுவோ ஒன்று எரியவில்லை. எதுவென்று ஓட்டுநர் யமிலெத் எஞ்சின் மூடியைத் தூக்கிவைத்துக் காது கொடுத்துக் கேட்கிறாள். மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் கேக்கை மூடாமல் ஏந்தியபடி பயணி எலிசெயோவும் எட்டிப் பார்க்கிறார். "தள்ளி நில்லுங்கண்ணே, கிரீம் உருகுது." "அதுக்குள்ள வீட்டுல கொண்டுபோய்ச் சேத்துரு தாயி!" சொல்லும்போதே நீலக் கிரீம் ஒரு சொட்டு சிலிண்டருக்கு ஒன்றாக வெளியே வரும் புகைக்குழாய்களில் மூன்றாவதன் மேல் விழுந்து சுர்ரென்று கருகுகிறது, சர்க்கரை தீயும் வாசம். அடுத்த சொட்டு நான்காவதில் விழுகிறது. கருகவில்லை, நீலமாகவே உட்கார்ந்திருக்கிறது. துடைக்க நீளும் அவர் கையை யமிலெத் பிடித்துக்கொள்கிறாள். "தொடாதீங்க! சூடே ஏறல பாருங்க. எரியாத பய இவன்தான்!" எலிசெயோ கேக்கைப் பார்க்கிறார், குழாய்களைப் பார்க்கிறார், பிறகு மெல்லத் தட்டைச் சாய்க்கிறார். "அஞ்சாவதையும் பாத்துருவமா?"