சிவப்புச் சீட்டு

ஓசூர் நர்சரியில் செம்பருத்தி நாற்றுகளைப் பிடுங்கிப் போடுவதுதான் முனிலட்சுமியின் வேலை. இரண்டு இலை விட்டதுமே ஒன்றைக் கிள்ளி மரபணுவைப் படித்துவிடுவார்கள். அடுக்குப் பூ பூக்காத நாற்றில் சிவப்புச் சீட்டு தொங்கும். பிடுங்கிய செடி எதுவும் பூத்துக் காட்டியதில்லை என்பதால், சீட்டு தப்பு என்று சொல்ல யாருமில்லை.

பன்னிரண்டு வயது மகள் ஆதிரைக்கும் பள்ளியில் எடுத்த மரபணுச் சோதனையில் அப்படி ஒரு சீட்டு வந்தது. பதினைந்து வயதுக்குள் பார்வை போய்விடும் என்று அதில் இருந்தது. அன்று முனிலட்சுமி ஒரு சிவப்புச் சீட்டு நாற்றைச் சாப்பாட்டு டப்பாவில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"இது அடுக்காப் பூத்துட்டா, அவங்க படிச்சது தப்புன்னு அர்த்தம்டி."

"அப்ப என்னோடதும் தப்புதானேம்மா?"

முனிலட்சுமி நாற்றைத் தொட்டியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு வருடம் ஊற்றினாள். "எனக்கு ஊத்துற காபியைவிட அதுக்குத்தான் ஜாஸ்தி ஊத்துற," என்று ஆதிரை வம்புக்கு இழுப்பாள். முனிலட்சுமி செடியைத்தான் உற்று உற்றுப் பார்த்தாள். மகளை அப்படிப் பார்க்கப் பயமாக இருந்தது.

இன்று காலை முதல் மொட்டு விரிந்தது. ஐந்தே இதழ், ஒற்றை அடுக்கு. மகள் எழுவதற்குள் கிள்ளி எறிந்துவிடலாம் என்று கை நீட்டியபோது பின்னால் காலடி கேட்டது.

"பூத்துடுச்சா? ஏம்மா எழுப்பலை?"

ஆதிரை பூவுக்கு எதிரே குனிந்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்தாள். மூக்கில் மகரந்தம் ஒட்டிக்கொண்டது. வெயில் நன்றாக ஏறியிருந்தது.

"எத்தனை அடுக்கும்மா?" என்று கேட்டாள்.

"மூணு," என்றாள் முனிலட்சுமி.