வலப்பக்கக் கொக்கி

விடிந்தும் விடியாத நேரம். குவார்ட்டர்ஸ் சமையலறை ஜன்னலில் படிந்திருக்கும் கரித்தூளைத் தாண்டி மங்கலாக வெளிச்சம் வருகிறது. முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்ட தனகோடி, எலுமிச்சை சாதம் அடைத்த டிபன் பாக்ஸை மனைவியின் முன்னால் வைக்கிறார். பக்கவாதத்தில் வலது கை விழுந்ததிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்த அம்சவல்லியை, தினமும் இந்த ஒரு வேலைக்காகத்தான் எழுப்பி உட்காரவைக்கிறார். மூடியைப் போட்டு, இரண்டு பக்கக் கொக்கியையும் அவள்தான் மாட்ட வேண்டும். "பஸ் வந்துகினு இருக்கும், நீங்களே மூடிக்கினு போங்களேன்." "வரட்டும். நீ மூடு." இடப்பக்கக் கொக்கி சுலபமாக விழுந்துவிடுகிறது. வலப்பக்கத்தில் மரத்துப்போன கட்டைவிரல் எவர்சில்வரில் வழுக்குகிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்துகிறாள். தெருமுனையில் ஷிப்டு பஸ் ஹாரன் அடிக்கிறது. அவர் வாசல் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ஆச்சுங்க." "அவ்ளோதான், வரட்டா?" பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் வெளியேறியதும், அம்சவல்லி காதைத் தீட்டிக்கொள்கிறாள். தினமும் கேட் அருகே அவருடைய செருப்புச் சத்தம் நிற்கும். இவளுக்குக் கேட்காது என்ற நினைப்பில், சரியாக விழாத அந்தக் கொக்கியை அவரே அழுத்துவார், 'டக்'கென்று கேட்கும். இன்றைக்கும் செருப்பு நிற்கிறது. பையின் ஜிப் திறக்கிறது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். 'டக்' மட்டும் வரவில்லை. ஜிப் மெதுவாக மூடுகிறது. பஸ் மறுபடியும் ஹாரன் அடித்த பிறகுதான் செருப்புச் சத்தம் ஓடத் தொடங்குகிறது.