பின்கதவுக் கீறல்கள்

"பாப்பா, இந்தக் கீறல் எல்லாம் யாரு போட்டது?"

"நான்தான் ஆன்ட்டி."

"எதுக்கும்மா?"

"அப்பா என்னை உள்ள வச்சுக் கதவை அடைச்சிருவாங்க. அப்போ போட்டது."

ஸ்க்ரூடிரைவர் அந்தரத்தில் நின்றது.

மின்சாரக் கார்களைப் பழுது பார்க்கும் அந்த சர்வீஸ் சென்டரில் அவளை 'டெஸ்டர் அக்கா' என்பார்கள். பதினோரு வருஷ அனுபவம். இன்று வந்திருந்தது ஒரு சாம்பல் நிறக் கார். கதவைத் தொட்டால் கைப்பிடி தானாக வெளியே வர வேண்டும். பின்பக்க வலது கதவில் மட்டும் வருவேனா என்று அடம் பிடித்தது. உள்பக்க அட்டையைக் கழற்றப் போனவளின் கண்ணில் பட்டவைதான் அந்தக் கீறல்கள். சின்ன நகங்கள் பிராண்டியவை.

குழந்தைக்கு ஆறு வயது இருக்கும். முன்பல் இரண்டும் இல்லை. அப்பா கவுன்டர் பக்கம் போயிருந்தார்.

"நீ அழ மாட்டியா?"

"மொதல்ல எல்லாம் அழுவேன். அழுதாலும் தெறக்க மாட்டாங்க. வெளிய நின்னு வாட்சையே பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"அம்மா ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"அம்மா இல்ல."

அக்கா லேப்டாப்பை வண்டியோடு இணைத்துப் பார்த்தாள். எல்லாம் பதிவாகியிருந்தது. தினமும் மாலை நாலரை மணிக்குக் கதவுகளை இயக்கும் சின்ன பேட்டரியின் வயர் பிடுங்கப்பட்டிருக்கிறது. பத்து நிமிஷம் கழித்து மறுபடி மாட்டப்பட்டிருக்கிறது. பிடுங்கும்போதும் மாட்டும்போதும் பின்சீட்டில் ஆள். நாற்பத்தொரு நாள்!

கைதான் வேலையை முடித்தது. மனசு கொதித்துக்கொண்டிருந்தது. அட்டையைத் திரும்ப மாட்டுவதற்கும் குழந்தையின் அப்பா வருவதற்கும் சரியாக இருந்தது.

"கைப்பிடி சரியாயிடுச்சுங்களா மேடம்?"

"ஆச்சு. பிளக்ல தண்ணி எறங்கிப் பச்சை பூத்துக் கெடந்தது. விட்டா பேட்டரியையும் சேத்துக் குடிச்சிருக்கும். அது கெடக்கட்டும் சார், நீங்க மனுஷன்தானா?"

அவர் விழித்தார்.

"பெத்த பிள்ளையைக் கரன்ட் இல்லாத வண்டில அடைச்சு வச்சு வேடிக்கை பாக்கறீங்களே! மூச்சு முட்டினா என்ன ஆகும்?"

பேசிக்கொண்டே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"ஒரு புகார் குடுக்கணுங்க."

"லைன்லயே இருங்கம்மா. எழுதறவர் வந்துடட்டும்."

அவர் தடுக்கவில்லை.

"தாராளமா குடுங்க மேடம். அவங்க வர்றதுக்குள்ள இதை ஒரு தடவை பாத்துருங்க."

குழந்தையைப் பின்சீட்டில் உட்கார வைத்தார். பேட்டரி வயரைக் கழற்றினார். கதவைச் சாத்தினார். "ரெடியா செல்லம்?"

உள்ளே குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டது. கை தானாகக் கீழே போயிற்று. கதவோரப் பையின் அடியில் இருந்த மூடியைத் தள்ளி, ஒரு கம்பியைப் பிடித்து இழுத்தது. டக்கென்று கதவு திறந்தது.

"ஒம்போது செகண்டுப்பா!"

"ஆமாண்டா தங்கம்! போய்த் தண்ணி குடிச்சிட்டு வா."

அது ஓடியதும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஸ்கூல் வாசல்ல வண்டிய நிறுத்தினதும் இவ அம்மாவுக்கு நெஞ்சு வலி. அப்படியே ஸ்டீரிங் மேல சாஞ்சுட்டா. அந்த நேரம் பாத்து பேட்டரியும் போயிடுச்சு. ஒரு கைப்பிடிகூட வெளிய வரல. சுத்திப் பத்துப் பேரு நிக்கறாங்க, பிடிச்சு இழுக்க ஒண்ணுமே இல்ல. பின்னால இவ பட்டனை அமுக்கறா, அமுக்கறா... கண்ணாடிய உடைச்சு எடுக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு மேடம்."

அக்கா திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள்.

"இந்த வண்டிய வித்துத் தொலைச்சிருக்கலாமே சார்..."

"யாருக்கு விக்கிறது? அவங்க வீட்லயும் பிள்ளைங்க இருக்கும்ல."

சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன தாள் ஒன்றை எடுத்தார்.

"கைப்பிடி மக்கர் பண்ணுதுன்னு அதுக்கு முந்தின வாரமே அவ இங்கதான் கொண்டாந்து காட்டியிருக்கா. பாத்துட்டு என்ன எழுதிக் குடுத்திருக்காங்க பாருங்க. யார் கையெழுத்துன்னுதான் புரியல. கவுன்டர்ல கேட்டா, அந்த ஆளு வேலைய விட்டுப் போயிட்டாருன்னு சொல்றாங்க."

அக்கா வாங்கிப் பார்த்தாள்.

'சோதிக்கப்பட்டது. குறை எதுவும் இல்லை.'

கீழே அவளுடைய கிறுக்கல் கையெழுத்து. அன்றைக்குப் பதினேழு வண்டி. கதவை ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். கைப்பிடி வந்தது. டெஸ்டரைப் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

காதில் போன் உயிர் பெற்றது.

"ம், சொல்லுங்கம்மா. யார் மேல புகார்? பேரைச் சொல்லுங்க."

டெஸ்டர் அக்கா தன் பெயரைச் சொன்னாள்.