ஏழாம் நம்பர் ரூம் உளவாளி

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒருவர், பி.யு.சி. மாணவன் அய்யம்பெருமாளை ஓரமாக அழைத்தார்.

“நான் சி.ஐ.டி. ஆபீசர். ஹாஸ்டல்ல உன்கூட ஏழாம் நம்பர் ரூம்ல இருக்கானே கருப்பண்ணன், அவன் வெளிநாட்டு உளவாளி. பரீட்சை முடியற வரைக்கும் ரூமை விட்டு நகராம அவனைக் கவனி. சந்தேகம் வராம இருக்க, படிக்கிற மாதிரியே இரு தம்பி.”

அய்யம்பெருமாள் டூரிங் டாக்கீஸையே மறந்தான். கருப்பண்ணனும் நகரவில்லை, புத்தகத்துக்கு மேலாக இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். உளவாளியேதான்.

பரீட்சை முடிந்தும் கறுப்புக் கண்ணாடிக்காரர் வரவில்லை. ரிசல்ட் வந்தது. இருவரும் முதல் வகுப்பு.

அன்றே கருப்பண்ணனைக் காட்டிக்கொடுக்க அய்யம்பெருமாள் வார்டன் வீட்டுக்கு ஓடினான். வாசலில், இவனைக் காட்டிக்கொடுக்க வந்த கருப்பண்ணன் நின்றிருந்தான்.

உள்ளே வார்டன் பேசுவது கேட்டது.

“அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பத்திரமா வைங்க மச்சான். அடுத்த வருஷம் எட்டாம் நம்பர் ரூமையும் பாஸ் பண்ண வச்சிருவோம்.”