எண்ணெய் விட்டவர்

வீல் சுற்றியது.

முதலில் நான் நம்பவில்லை. கை வழுக்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுபடி இழுத்தேன். ஊசிக் கம்பி மேலே போய், கொஞ்சம் யோசித்து, கீழே இறங்கியது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது மிஷினுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

தோல் தைக்கிற கனமான மிஷின் இது. இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இதை வாங்கிப் போட்டு, தச்சர்கள் இடுப்பில் கட்டிக்கொள்கிற கருவிப் பைகளைத் தைத்துக் கொடுக்கிறேன். வந்த புதிதில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு வாரத்துக்கு வாரம் கனத்துக்கொண்டே வந்தது. இன்று காலை சிமெண்டில் பதித்தாற்போல நின்றுவிட்டது.

மூடிகளைக் கழற்றினேன். உள்ளே துரு இருக்கும், அறுந்த நூல் இருக்கும் என்று பார்த்தால், பாகு. மஞ்சளாக, பிசுக்குப் பிசுக்கென்று. விரலில் தொட்டு மோந்து பார்த்தேன்.

சமையல் எண்ணெய்.

வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். நான் ஊற்றவில்லை.

மிஷின் வந்த அன்று என் வீட்டுக்காரர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இந்த இரும்புக் கட்டையை நம்பியா வேலையை விட்டாய் என்று கேட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மிஷின் கனக்கிறது என்று நான் புலம்பும்போதெல்லாம் தட்டைப் பார்த்தே சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். இது படுத்துவிட்டால் நீ பழைய வேலைக்கே போவாய், அதுதான் அவர் கணக்கு என்று அக்கா போனில் சொன்னாள். அவளுக்கு யாரைத்தான் பிடித்திருக்கிறது என்று அன்றைக்குச் சிரித்துவிட்டேன்.

காலையில் அந்தச் சிரிப்பு வரவில்லை. இது அவர் வேலைதான் என்றால் சாயங்காலமே அக்கா வீடு. முடிவு பண்ணிவிட்டேன்.

ஆனாலும் மிஷின் என்ன பாவம் செய்தது? ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். பழைய பல் பிரஷால் தேய்த்தேன். எண்ணெய் விட வேண்டிய இடங்களில் எல்லாம் பழைய சொந்தக்காரர் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். எல்லாப் புள்ளியிலும் அதே பாகு. பின்பக்கம், கை நுழையாத மூலையில் ஒரு துளை உண்டு. நானே பாதி நாள் அதை மறந்துவிடுவேன். அதிலும் வழிய வழிய இருந்தது. பாபின் ஓடுகிற குழியைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒன்று பாக்கியில்லாமல் தேடித் தேடி ஊற்றியிருக்கிறாரே, எவ்வளவு வன்மம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தேன்.

துடைத்து முடித்த பிறகுதான் வீல் சுற்றியது.

சரியான மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கழிவுத் தோலில் ஓட்டிப் பார்த்தேன். முதல் துண்டில் தையல் நெடுகக் கறை. அடுத்ததில் மங்கியது. அதற்கும் அடுத்தது சுத்தமாக வெளியே வந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். இனி பிழைத்துக்கொள்ளும்.

மிஷின் பிழைத்துவிட்டது. மற்றது பாக்கி. ஓட்டிக்கொண்டே, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வியை மனத்துக்குள் தயார் பண்ணினேன்.

மத்தியானம் பேக்கரி வேலை முடிந்து வந்தார், புருவமெல்லாம் மாவாக. மாவு பிசைகிற மிஷின் அங்கே இவர் பொறுப்பு. ஒரு செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்று மிஷின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

“பாத்தியா! வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி தெனமும் நாந்தான் எண்ணெ போட்டுட்டுப் போறேன். நீ கனக்குது கனக்குதுன்னு சொன்னதும் இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். ஓடாம எங்க போகும்?”

பேக்கரி மிஷினில் வேறு எண்ணெய் பட்டால் ரொட்டியைத் தூக்கிக் கொட்ட வேண்டியதுதான். அதனால் அங்கே கதவுக் கீல் வரைக்கும் சமையல் எண்ணெய். தினமும் வெந்நீர் விட்டுக் கழுவுகிற மிஷின்கள், பாகு கட்ட நேரமே கிடையாது. இவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். கட்டை என்று சொன்ன வாயால், எண்ணெய் போடுகிறேன் என்று சொல்ல வெட்கம் போலிருக்கிறது. விடிவதற்கு முன்பே கிளம்புகிறவர், நான் விழித்துவிடக் கூடாது என்று விளக்கைக்கூடப் போடாமல், இருட்டில் தடவித் தடவிப் போட்டிருக்கிறார்.

தயார் பண்ணின நாலு கேள்வியில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அழுகைதான் வந்தது. மிஷின் ஓடுகிற சந்தோஷம்தானே என்று பயந்துபோய்க் கேட்டார். தலையாட்டினேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிஷின் எண்ணெய் டப்பாவை அவர் கையில் கொடுத்தேன்.

“உங்க எண்ணெ ரொம்ப ஒசத்திங்க, இதுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். நாளையிலேர்ந்து இதைப் போடுங்க.”

மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். இதையா அது குடிக்க வேண்டும் என்று பாவமாக மிஷினைத் தடவிக் கொடுத்தார்.